கடமும் கித்தாரும்: 1975ஆம் ஆண்டின் சக்தி ஒலிப்பதிவும் அதன் இசைக்கருவிகளும்

(சுபாங் ஜெயாவில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இன்றைய பொருள் ஓர் ஒலிப்பதிவு. அந்த ஒலிப்பதிவில் கேட்கும் கருவிகள்.

1975ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லோங் ஐலண்ட் என்னும் தீவு. அங்கே சவுத்தாம்ப்டன் கல்லூரி. அந்தக் கல்லூரி மேடையில் ஐந்து பேர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசித்தார்கள். மேடையில் டிரம் செட் இல்லை. எலெக்ட்ரிக் கித்தார் இல்லை. கீபோர்டு இல்லை. இருந்தவை ஒரு மரக் கித்தார், ஒரு வயலின், ஒரு ஜோடி தபேலா, ஒரு மிருதங்கம், ஒரு மண்கடம். அந்தக் கச்சேரியை அடுத்த ஆண்டு கொலம்பியா நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. 'சக்தி வித் ஜோன் மெக்லாலின்' என்பது தட்டின் பெயர்.

ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஜாஸும் ராக்கும் கலந்த இசையை விரும்புவோர் இன்றும் அந்தத் தட்டை எடுத்து வைத்துப் பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள்? பெரும்பாலும் கித்தாரின் வேகத்தைப் பேசுகிறார்கள். விரல் எப்படி ஓடுகிறது, ஒரு நொடியில் எத்தனை சுரம் விழுகிறது என்று வியக்கிறார்கள். அந்த வியப்பு நியாயமானதே. ஆனால் அது பாதிக் கேட்பு. இந்த ஒலிப்பதிவின் எலும்புக்கூடு கர்நாடக இசையின் தாளக் கணக்கு. கித்தார்தான் அந்தக் கணக்குக்குள் நடந்து வந்தது. அப்படி வருவதற்காகத் தன் உடம்பையே மாற்றிக்கொண்டது. அந்த மாற்றம் தெரியாமல் கேட்டால் வேகம் மட்டுமே காதில் விழும். தெரிந்து கேட்டால்? ஐந்து கருவிகளும் ஐந்து குரல்களாகப் பிரிந்து கேட்கும்.

முதலில் கலைஞர்கள். ஜோன் மெக்லாலின் 1942இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தவர். 1969இல் நியூயார்க் சென்றார். எக்காள மேதை மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த 'இன் எ சைலன்ட் வே', 'பிட்சஸ் ப்ரூ' ஆகிய இரண்டு தட்டுகளிலும் கித்தார் வாசித்தார். ஜாஸ்–ராக் என்னும் பாணி பிறந்த வீடு என்று அந்த இரண்டு தட்டுகளையும் சொல்லலாம். பிறகு குரு ஸ்ரீ சின்மோயிடம் சீடரானார். குரு சூட்டிய பெயர் மகாவிஷ்ணு. 1971இல் அதே பெயரில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கினார். இரட்டைக் கழுத்துக் கொண்ட எலெக்ட்ரிக் கித்தார், பெரும் ஒலிபெருக்கிகள், இடி போன்ற டிரம்ஸ். 1973இல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' தட்டின் தலைப்புப் பாட்டு 18 எண்ணிக்கைச் சுழலில் ஓடுகிறது. நாலு நாலாக எண்ணிப் பழகிய ராக் ரசிகர்களுக்கு அது புதிய உலகம்.

அந்தப் புகழின் உச்சியில் இருந்தபோதே அவர் வேறொன்றைத் தேடினார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ் இசையுலகம் நன்றியோடு நினைக்க வேண்டிய இடம் அது. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பியர் ரங்கநாதனும் விஸ்வநாதனும் அங்கே கற்பித்தார்கள். கர்நாடக இசை பாடிய அமெரிக்கர் ஹிக்கின்ஸ் பாகவதர் உருவானதும் அங்கேதான். டாக்டர் எஸ். ராமநாதன் அங்கே வீணை சொல்லிக்கொடுத்தார். அவரிடம் மாணவராகப் போய் அமர்ந்தவர்களில் மெக்லாலினும் ஒருவர். உலகம் முழுவதும் பெயர் பெற்றுவிட்ட ஒரு கித்தார் கலைஞர் சரளி வரிசை படிக்கும் மாணவரைப் போல வீணை முன்னால் உட்கார்ந்தார். சக்தி என்ற குழுவின் விதை அந்த வகுப்பறையில் விழுந்தது.

அதே பல்கலைக்கழகத்தில் இசை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் வயலின் கலைஞர் எல். சங்கர். சென்னையில் 1950இல் பிறந்தவர், யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணன் யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராகப் பணியாற்றினார். 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்குத் திரும்பியது. அண்ணன்மார் எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம் இருவரும் பெரும் புகழ் பெற்ற வயலின் கலைஞர்கள். பிரிக்பீல்ட்ஸ் ஸ்கோட் சாலைக் கந்தசுவாமி கோயிலைக் கட்டி எழுப்பியதும் இலங்கைத் தமிழர்களே. அந்தச் சமூகத்தின் குழந்தைகளோடு குழந்தையாக யாழ்ப்பாணத்தில் ஓடி விளையாடிய ஒரு சிறுவனின் வில்தான் லோங் ஐலண்டில் கேட்டது.

மிருதங்கம் வாசித்தவர் ராமநாதபுரம் வி. ராகவன். பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் உடன்பிறந்தவர். அவரும் வெஸ்லியனில் ஆசிரியர். தபேலா வாசித்தவர் உஸ்தாத் அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேன். அப்போது வயது 24. கடம் வாசித்தவர் தேதகுடி ஹரிஹர விநாயக்ராம், விக்கு விநாயக்ராம் என்று அறியப்படுபவர். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தவர் அவரே. ஐவரில் மூவர் தமிழர். தட்டின் உறையில் பெரிதாக இருப்பது மெக்லாலின் பெயர் என்றாலும், மேடையில் கூடியிருந்த இசை அறிவின் பெரும்பகுதி காவிரிக்கரையிலிருந்தும் வைகைக்கரையிலிருந்தும் வந்தது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். கித்தாரிலிருந்து தொடங்குவதே முறை. ரசிகர்கள் அதிகம் விவாதிப்பதும் அதைப் பற்றித்தான்.

கித்தாரில் என்ன குறை? கமகம், அதாவது சுரத்தை அசைத்து இசைக்கும் முறை, அதில் குறை. கித்தாரின் கழுத்தில் உலோகக் கட்டைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. விரல் ஒரு கட்டைக்குப் பின்னால் அழுத்தினால் ஒரு சுரம். அடுத்த கட்டைக்குப் பின்னால் அழுத்தினால் அடுத்த சுரம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் கர்நாடக இசை உயிர் வாழ்கிறது. தோடியின் காந்தாரம் அசையாமல் நின்றால் அது தோடியா? சங்கராபரணத்தின் மத்தியமத்தை ஆட்டாமல் வாசித்தால் அது சங்கராபரணமா? அந்த அசைவுக்காகத்தான் வீணையின் மெட்டுகள் உயரமாக, மெழுகின் மேல் நிற்கின்றன. விரல் தந்தியை அழுத்தும்போது கீழே மரம் தடுப்பதில்லை. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் பல சுரங்களைப் பேச வைக்கலாம்.

மெக்லாலின் இந்த உண்மையை வீணை வகுப்பில் விரலால் கற்றார். கற்றதைக் கித்தாருக்குக் கொண்டுவந்தார். சக்தியின் பெயரோடு சேர்ந்தே பேசப்படும் அவருடைய கித்தாரை வடிவமைத்துச் செய்தவர் ஏப் வெக்டர். செய்த நிறுவனம் கிப்சன். அந்த நிறுவனத்தின் ஜே–200 என்ற பெரிய உடல் கொண்ட கித்தார்தான் அடிப்படை. அதில் இரண்டு மாற்றங்கள் செய்யப்பட்டன. முதலாவது, கழுத்தில் கட்டைகளுக்கு நடுவே உள்ள மரம் கிண்ணம் போலக் குடைந்து எடுக்கப்பட்டது. அதனால் விரல் மரத்தில் உராய்வதில்லை. தந்தியை ஆழமாகவும் அகலமாகவும் இழுக்க முடிகிறது. வீணையின் மெட்டு தருகிற சுதந்திரத்தைக் கித்தாருக்குக் கொடுக்கும் முயற்சி இது. இரண்டாவது, ஆறு தந்திகளுக்குக் கீழே, ஒலித்துளையின் குறுக்கே 45 பாகைச் சாய்வில் ஏழு துணைத்தந்திகள். அவற்றைத் தனித்தனியே சுருதி கூட்டலாம். விரலால் வருடினால் தம்பூராவின் ரீங்காரம் எழும். வருடாவிட்டாலும் மேலே ஒலிக்கும் சுரத்துக்கு அவை தாமாக அதிரும்.

ஒரு கலைஞர் தன் கருவியைத் திருத்தியமைத்து, வேறொரு மரபின் இலக்கணத்துக்கு அதை ஏற்றதாக்குவது எளிய காரியமா? அவர் பழகிய விரல் பழக்கங்கள் பல பயனற்றுப் போகும். குடைந்த கழுத்தில் சற்றுக் கூடுதலாக அழுத்தினாலே சுரம் ஏறிவிடும். சுருதி சுத்தத்துக்கு ஒவ்வொரு நொடியும் காது விழித்திருக்க வேண்டும். இசைக் கலப்பு என்ற பெயரில் வந்த எத்தனையோ முயற்சிகளில் மேற்கத்தியக் கருவிகள் தம் இடத்திலேயே நிற்க, நம் கருவிகள் அலங்காரத்துக்குச் சேர்க்கப்பட்டன. சக்தி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இங்கே மாற்றப்பட்டது கித்தார்.

அடுத்தது வயலின். வயலினுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் கழுத்தில் கட்டையே கிடையாது. கமகம் அதற்கு இயல்பு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கர்நாடக இசை அதைத் தத்து எடுத்துக்கொண்டது. மேற்கத்தியக் கலைஞர் நின்றுகொண்டு மோவாயில் இடுக்கி வாசிக்கிறார். நம் கலைஞர் தரையில் அமர்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் சாய்த்து, உடலை மார்பில் தாங்கி வாசிக்கிறார். இடது கை கருவியைத் தாங்க வேண்டியதில்லை. அதனால் அந்தக் கை கழுத்து முழுவதும் வழுக்கிச் செல்கிறது. தந்திகளும் மேற்கத்திய முறையில் அல்லாமல் சட்சம், பஞ்சமம், மீண்டும் சட்சம், பஞ்சமம் என்று கூட்டப்படுகின்றன. 'ஜாய்' என்ற முதல் உருப்படியில் சங்கரின் வில் மேல் ஸ்தாயியில் ஓடும்போது எந்த இடத்திலும் சுரங்கள் துண்டுபடாமல் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதற்கு இந்த உட்காரும் முறையும் ஒரு காரணம்.

சங்கரைப் பற்றிப் பேசும்போது ரசிகர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒரு செய்தி உண்டு. பத்துத் தந்திகளும் இரண்டு கழுத்துகளும் கொண்ட இரட்டை வயலின் அவருடைய அடையாளமாகிவிட்டது. பெரிய டபுள் பாஸின் அடிச்சுரத்திலிருந்து வயலினின் உச்சிச்சுரம் வரை ஒரே கருவியில் எட்டும்படி, கென் பார்க்கர் என்ற கருவி வடிவமைப்பாளருடன் சேர்ந்து அவர் அதை உருவாக்கினார். படங்களில் அதைப் பார்த்துப் பழகியவர்கள் சக்தி தட்டிலும் அதுவே ஒலிக்கிறது என்று எண்ணிவிடுகிறார்கள். இரட்டை வயலின் பிறந்தது 1980இல். 1975இல் கேட்பது சாதாரண நான்கு தந்தி வயலின். ஒரே வயலினில் இத்தனை நிறங்கள் எப்படி என்று கேட்டால், விடை வில்லின் அழுத்தத்திலும் இடக்கையின் வழுக்கலிலும் இருக்கிறது.

இனி கடம். இந்தச் சொற்பொழிவு சற்று நீளமாக நின்று பார்க்க வேண்டிய கருவி இது.

கடம் ஒரு பானை. ஆனால் தண்ணீர்ப் பானையை எடுத்துத் தட்டினால் கடம் ஆகாது. சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை கடத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள குளங்களின் மண்ணைக் கலந்து பிசைவார்கள். உலோகப் பொடியும் சேர்ப்பார்கள். சக்கரத்தில் வனைந்த பானை பாதி உலர்ந்ததும் உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டுவார்கள். ஆயிரக்கணக்கான தட்டுகள். அந்தத் தட்டலில்தான் சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாகிறது. காற்றுக் குமிழிகள் வெளியேறுகின்றன. பிறகு நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுவார்கள். சூளையிலிருந்து வரும் எல்லாப் பானையும் கச்சேரிக்கு வராது. எந்த இடத்தில் தட்டினாலும் ஒரே சுருதி சொல்லும் பானை மட்டுமே கடம். மானாமதுரையின் மீனாட்சி கேசவன் இந்தக் கைவேலைக்காகச் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றவர். பாடுபவருக்கும் ஆடுபவருக்கும் கொடுக்கும் விருதைக் கருவி செய்யும் கைக்கும் கொடுத்தது மிகச் சரியான செயல்.

மிருதங்கத்துக்கு வார் உண்டு. இழுத்துச் சுருதி கூட்டலாம். கடத்துக்கு என்ன உண்டு? ஒன்றுமில்லை. சூளையில் எந்தச் சுருதியோடு பிறந்ததோ அதுவே அதன் சுருதி. பாடகரின் சுருதிக்கு ஏற்றபடி கலைஞர் வேறு கடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் கடம் வாசிப்பவர் வீட்டில் பல சுருதிகளில் பல கடங்கள் இருக்கும். தோல் இல்லை, தந்தி இல்லை, வார் இல்லை. பத்து விரல்களும் இரண்டு மணிக்கட்டுகளும் மட்டும். கழுத்தருகே விரல்நுனியால் தட்டினால் கூர்மையான ஓசை. நடு வயிற்றில் தட்டினால் கனத்த நாதம். பானையின் வாயைக் கலைஞர் தம் வயிற்றோடு அணைத்து வைத்திருப்பார். வாயைச் சற்றே திறந்து மூடினால் அடியிலிருந்து 'கும்' என்று ஒரு பெருமூச்சு எழும். ராக் குழுவில் பாஸ் கித்தார் செய்யும் வேலையை, சக்தியில் பல இடங்களில் அந்தக் 'கும்' செய்கிறது. பாஸ் இல்லாத குழுவில் அடித்தளம் எங்கிருந்து வருகிறது என்று வியக்கும் ரசிகர்கள் இந்த ஓசையைத் தேடிக் கேட்க வேண்டும்.

கர்நாடகக் கச்சேரியில் கடத்துக்கு என்ன இடம்? உபபக்கவாத்தியம். பாடகருக்குப் பக்கத்தில் வயலின், மறுபக்கம் மிருதங்கம், அவற்றுக்குப் பின்னால் கடம். பல்லவி முடிந்து தனி ஆவர்த்தனம் வரும்போது மிருதங்கம் வாசித்ததை வாங்கித் திருப்பிச் சொல்லச் சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் துணை. 'உப' என்ற முன்னொட்டைச் சுமந்துகொண்டே தலைமுறை தலைமுறையாகக் கடக் கலைஞர்கள் வாழ்ந்தார்கள். சவுத்தாம்ப்டன் மேடையில் அந்த வரிசைமுறை இல்லை. ஐவரும் ஒரே வரிசையில் அமர்ந்தார்கள். ஒலிவாங்கி கடத்தின் அருகே வந்தது. பின்வரிசையில் பாதி காற்றில் கரைந்துபோகும் விரல்நுனி ஓசைகள் முழுதாகப் பதிவாயின. கடத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்தத் தட்டுக்கு ஒரு தனி இயலே ஒதுக்க வேண்டும். தபேலாவோடு நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்டுப் பதில் சொன்ன கருவியாகக் கடத்தை உலகம் முதன்முதலில் அறிந்துகொண்டது விக்கு விநாயக்ராமின் விரல்களில்தான்.

தபேலாவையும் மிருதங்கத்தையும் எப்படிப் பிரித்துக் கேட்பது? பல ரசிகர்கள் இந்தத் தட்டில் திணறும் இடம் இது. மிருதங்கம் ஒரே பலாமரக் கட்டை. இரண்டு பக்கம் தோல். வலந்தலையில் கறுப்புச் சோறு நிலையாக ஒட்டியிருக்கும். இடப்பக்கத் தொப்பியில் கச்சேரிக்குச் சற்று முன்பு ரவையைப் பிசைந்து அப்புவார்கள். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அந்த ஈர ரவைதான் தொப்பிக்குத் தழதழத்த, உருண்டையான ஓசை தருகிறது. தபேலாவோ இரண்டு தனிக் கருவிகள். வலக்கைத் தபேலா மணியைப் போலக் கணீரென்று சட்சத்தில் நிற்கும். இடக்கைப் பாயாவின் மேல் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தினால் ஓசை வளைந்து வளைந்து ஏறி இறங்கும். ஆக, ஓசை ஓரிடத்தில் பேசுவது போல வளைந்தால் அது ஜாகிரின் பாயா. கட்டையின் உள்ளேயிருந்து உருண்டு வந்தால் அது மிருதங்கம். ஈரமே இல்லாமல் சுட்ட மண்ணின் உலர்ந்த ஓசை கேட்டால் அது கடம். இந்த மூன்றையும் பிரித்தறியத் தொடங்கிய காதுக்கு 'ஜாய்' வேறொரு பாட்டாக ஒலிக்கும்.

இந்துஸ்தானித் தபேலாவும் கர்நாடக மிருதங்கமும் ஒரே மேடையில் எந்த மொழியில் பேசிக்கொண்டன? தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு என்ற மொழியில். வடக்கே அதற்குப் 'போல்' என்று பெயர். தெற்கே அது கொன்னக்கோல். ஒரு சிறு கணக்கைக் காட்டினால் இது விளங்கும். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நாலு என்று பிரித்தால் ஒரு சுற்றுக்கு 32 மாத்திரை. 'ததிங்கிணதொம்' என்பது ஐந்து மாத்திரைச் சொல். அதை மூன்று முறை சொல்ல வேண்டும். நடுவில் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட வேண்டும். ஐந்தும் இரண்டும் ஐந்தும் இரண்டும் ஐந்தும் சேர்ந்தால் 19. முப்பத்திரண்டில் 19 போனால் 13. ஆகவே 13 மாத்திரை கழித்து 14ஆவது மாத்திரையில் எடுத்தால், மூன்றாவது 'ததிங்கிணதொம்' முடிந்த அடுத்த நொடி எல்லோரும் சமத்தில், அதாவது சுற்றின் முதல் எண்ணிக்கையில், வந்து விழுவார்கள். தெற்கே இதைத் தீர்மானம் என்பார்கள். வடக்கே திகாய் என்பார்கள். பெயர் வேறு, கணக்கு ஒன்று.

கித்தாரும் வயலினும் தபேலாவும் கடமும் திடீரென்று ஒரே வேகத்தில் ஓடி ஒரே இடத்தில் வெட்டி நிற்கும் தருணங்கள் இந்தத் தட்டில் மீண்டும் மீண்டும் வருகின்றன. கேட்பவர் அதிர்ந்து போகிறார். இத்தனை பேர் எப்படி ஒத்திகை பார்த்தார்கள் என்று கேட்கிறார். ஒத்திகை மட்டும் அல்ல. எல்லோர் மனத்திலும் அதே எண் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்துமலைத் தைப்பூசத்தில் உறுமி மேளம் வாசிக்கும் நம் இளைஞர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கணக்கின் பெயர் தெரியாவிட்டாலும், எங்கே வெட்டி எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர்கள் கைகள் அறியும்.

தட்டில் மூன்றே உருப்படிகள். 'ஜாய்' ஏறத்தாழ 18 நிமிடம். தொடக்கத்திலேயே கித்தாரும் வயலினும் இணைந்து பாய்கின்றன; பிறகு மாறி மாறிப் பேசுகின்றன. அந்த உரையாடல் போகப் போகச் சுருங்கி இறுகும் முறையைக் கர்நாடகத் தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு என்பார்கள். அடுத்தது 'லோட்டஸ் ஃபீட்', ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. வேகமே இல்லாத, சுருதியின் மேல் மிதக்கும் மெட்டு. இதே மெட்டை மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் 'இன்னர் வேர்ல்ட்ஸ்' தட்டிலும் மெக்லாலின் பதிவு செய்தார். அதுவும் 1976இல் வெளிவந்தது. அங்கே மின்கருவிகள், இங்கே மரமும் மண்ணும் தோலும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது கருவிகளைப் பற்றிய மிகச் சிறந்த பாடம். மெட்டு ஒன்றே, சங்கரின் வில் பட்ட இடத்தில் அது பிரார்த்தனையாகிவிடுகிறது.

மூன்றாவது உருப்படிக்கு மிக நீண்ட தலைப்பு. இறைவனின் திருவடியில் ஆடுவதைப் பற்றியது. நீளமும் அதற்கேற்ப 29 நிமிடம். இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் இது ஒன்றே. பழைய தட்டை வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு: ஒரு பக்கத்தில் இத்தனை நிமிடங்களை அடக்க வேண்டுமானால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கமாக வெட்ட வேண்டும், அதற்காக ஒலியளவைச் சற்றுக் குறைத்தே வெட்டுவார்கள். ஆகவே தட்டைத் திருப்பிப் போட்டதும் ஒலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்க வேண்டும். கூட்டாமல் கேட்டால் முதலில் இழக்கப்படுவது கடத்தின் விரல்நுனி ஓசை.

மின்கித்தாரை எதிர்பார்த்திருந்த ராக் ரசிகர்கள் பலர் அன்று ஏமாந்தார்கள். தட்டு பெரிதாக விற்கவில்லை. ராகவன் பிறகு குழுவில் இல்லை; மற்ற நால்வரும் 1976இல் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 1977இல் 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' என்று இன்னும் இரண்டு தட்டுகள் தந்தார்கள். இரண்டாவது தட்டு கொன்னக்கோலிலேயே தொடங்குகிறது: நால்வரின் கருவிகளுக்கு முன்னால் வாயின் தாளம். அதன் பிறகு குழு கலைந்தது.

1997இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மெக்லாலினும் ஜாகிரும் மீண்டும் கூடினார்கள். விக்கு விநாயக்ராம் அந்தப் பயணத்திலும் வாசித்தார். பிறகு அவர் இடத்துக்கு மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். வயலின் இருந்த இடத்துக்கு யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலின் வந்தது. அதுவும் மேற்கிலிருந்து வந்து கமகம் கற்றுக்கொண்ட கருவிதான். 2014இல் ஸ்ரீநிவாஸ் மிக இளம் வயதில் மறைந்தது இசையுலகுக்குப் பேரிழப்பு. 2023இல் சங்கர் மகாதேவன், வயலின் கலைஞர் கணேஷ் ராஜகோபாலன், செல்வகணேஷ் ஆகியோருடன் சக்தியின் 'திஸ் மொமன்ட்' தட்டு வெளிவந்தது. 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஜாகிர் உசேன் காலமானார்.

மலேசியாவில் இந்த வழியில் நடந்தவர் உண்டா? உண்டு. டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் 1970களின் முடிவில் ஏசியாபீட் என்ற குழுவைத் தொடங்கினார். 1983இல் முதல் தட்டு வந்தது. அதில் ஜோன் கைசன் நெப்டியூன் ஜப்பானிய மூங்கில் குழலான ஷாகுஹாச்சியை வாசித்தார். சக்தி டிரம் செட்டை விலக்கி வைத்தது. ஏசியாபீட்டிலோ டிரம்ஸ் கலைஞரே தலைவர். ஆசியக் கருவிகள் டிரம் செட்டைச் சுற்றி அமர்ந்தன. சக்தியில் ஒரே தாளக் கணக்கு எல்லோரையும் கட்டியது. ஏசியாபீட்டில் பல நாட்டு ஓசைகள் தத்தம் நிறத்தோடு ஒரு ஜாஸ்–ராக் தாளத்தின் மேல் வந்து சேர்ந்தன. இரண்டும் இரண்டு வேறு விடைகள்; கிள்ளான் பள்ளத்தாக்கில் வளரும் கலைஞர் இரண்டையும் கேட்க வேண்டும். 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கி வைத்த பிரிக்பீல்ட்ஸ் நுண்கலைக் கோயிலில் மிருதங்கமும் தபேலாவும் வயலினும் கற்கும் பிள்ளைகளுக்கு, சவுத்தாம்ப்டன் மேடையில் இருந்த கருவிகளில் பல அன்றாடம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன.

இப்போது அந்தத் தட்டின் முதல் உருப்படி இந்த மண்டபத்தில் ஒலிக்கும். முதல் சுற்றில் கித்தாரை விட்டுவிட்டு, வலப்பக்கமோ இடப்பக்கமோ எங்கிருந்து வந்தாலும், கடத்தின் ஓசையை மட்டும் தொடர்ந்து கேட்கும்படி அன்பர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.